குமரி வரை ஓட்டியாகிவிட்டது, அப்புறம்?

#1 வைகைக்கரையான்

ஸ்ரீநகரில் ஆப்பிள் லாரிகள் வரிசை கட்டும் அக்டோபரில் கிளம்பினேன். கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் ஓசூருக்குள் நுழைந்தேன். கன்னியாகுமரியில் சைக்கிளை நிறுத்திச் சில வாரங்கள் ஆகின்றன. வழி முழுக்க 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான். தினசரி கிலோமீட்டர், லாட்ஜ் வாடகை, பஞ்சர் கணக்கு எல்லாவற்றையும் தனி இழையில் போடுகிறேன், அதை இங்கே கேட்காதீர்கள்.

இங்கே கேட்க வந்தது வேறு. முடித்த பிறகு என்ன ஆகிறது என்று ஏன் யாரும் எழுதுவதில்லை? தேடிப் பார்த்தால் எல்லோருடைய கதையும் விவேகானந்தர் பாறையைப் பின்னால் வைத்து, சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிய படத்தோடு நின்றுவிடுகிறது. மறுநாள் காலையில் அந்த ஆள் எழுந்து என்ன செய்தார்?

என் விஷயத்தில் இன்னொரு சிக்கல். வீடு மதுரை, நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கம். நாற்கரச் சாலை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதனால் குமரிக்கு இன்னும் 240 கிலோமீட்டர் சொச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா வெந்நீர் போட்டு வைத்திருந்தார், அயிரை மீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டுச் சொந்தக் கட்டிலில் தூங்கினேன். காலையில் பையை மறுபடி மாட்டும்போது அப்பா சொன்னார்: "அதான் இம்புட்டுத் தூரம் வந்துட்டியே, பஸ்ஸுல போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துரு." கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் கிளம்பினேன்.

குமரியில் ஐயப்ப சாமிமார் கூட்டம். படகுத்துறை வரிசை தெருவுக்கே வந்திருந்தது. சங்கு மாலை விற்கிறவர், "வண்டிய ஓரமா வைங்க, யாவாரத்தை மறைக்கிது" என்றார். ஒரு சாமியிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னேன். திருவள்ளுவர் முழுசாக வந்திருந்தார், சைக்கிள் பாதிதான் வந்தது. ரூமுக்குப் போய்ப் பகலிலேயே படுத்துத் தூங்கிவிட்டேன்.

இப்போது நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து எங்கே போவது? காலை பத்து மணிக்குள் இரண்டு தடவை பசிக்கிறது. இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் இன்னும் மரத்துக் கிடக்கின்றன. ஆபீசில் யாராவது நீளமாகப் பேசினால் எரிச்சல் வருகிறது. சோகம் என்று சொல்ல முடியாது. எதிலும் பிடிப்பில்லை, அவ்வளவுதான். இது எல்லோருக்கும் வருமா? எத்தனை நாளில் போகும்? பயணத்தை எங்கே, எப்படி முடிப்பது என்பதில் ஏதாவது சூட்சுமம் இருக்கிறதா?

#2 பெடல்பாண்டி

முதலில் வாழ்த்துகள் தலைவா. தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் அந்தத் தனி இழையில் விரிவாகப் போடுங்கள். போன வருஷம் அங்கே பிரேக்கைப் பிடித்தே என் உள்ளங்கை கன்றிப் போச்சு.

பிடிப்பில்லாமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த மருந்து, பசிக்கிறபோதெல்லாம் சாப்பிடுவது. அதை நீங்கள் ஏற்கெனவே செய்கிறீர்கள்.

#3 தேன்கனி

நான் நெடுந்தூரப் பயணி இல்லை, பிரவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம், ஓட்டுகிறவள். எங்கள் ஆட்டத்தில் முடிவு தெளிவாக இருக்கும். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. அதற்குள் கட்டுப்பாட்டு நிலையத்தில் அட்டையை நீட்டி முத்திரை வாங்கினால் முடிந்தது, வாங்காவிட்டாலும் முடிந்தது. நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தால் ஒரு பட்டம் தருவார்கள். அது கிடைத்த ராத்திரியே அடுத்த பருவத்தின் அட்டவணையைத் திறந்து உட்கார்ந்திருப்போம். இங்கே முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் முடித்துவிட்டு வந்த ஒருவர் விமான நிலையத்திலேயே, "அடுத்தது நாலு வருஷம் கழிச்சுத்தானே வரும், அதுவரைக்கும் என்ன பண்றது" என்று கேட்டார். 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் ஓட்டிய மனிதர், ஊருக்குத் திரும்பி ஒரு வேளைகூடச் சாப்பிட்டிருக்கவில்லை!

அதனால் நான் சொல்வது, உடனே அடுத்த பயணத்துக்குத் தேதி குறிக்காதீர்கள். குறித்தால் இந்தப் பிடிப்பில்லாத உணர்வு போய்விடும். ஆனால் ஓட்டி வந்ததை அசை போட நேரமே கிடைக்காது. அதே தப்பிப்பை நான் பலமுறை பார்த்துவிட்டேன், என்னிடமும் சேர்த்துத்தான்.

இன்னொன்று. வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது நீங்கள். பைபாஸிலேயே போய்த் திருமங்கலத்தில் லாட்ஜ் போட்டிருக்க வேண்டும். அம்மா கோபித்துக்கொண்டிருப்பார், பரவாயில்லை.

#4 ஆறுசக்கரம்

நான் சைக்கிள்காரன் இல்லை. என் பையன் இந்தத் தளத்தில் இருக்கிறான், அவன் காட்டித்தான் படித்தேன். நாமக்கல். இந்த 44இல் லாரி ஓட்டுகிறேன். உங்களை மாதிரி பையை மாட்டிக்கொண்டு மிதிக்கிற பிள்ளைகளை அடிக்கடி பார்ப்பேன். சியோனி தாண்டி பென்ச் காட்டுக்குள், புலி கீழே போக வழிவிட்டு ரோட்டைத் தூண் மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்களே, அங்கே ஒரு பையனுக்கு ஆரன் அடித்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நீங்களாகக்கூட இருக்கலாம்.

எங்கள் தொழிலில் போய்ச் சேருவது என்று ஒன்று கிடையாது தம்பி. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றுவோம், நாக்பூரில் இறக்குவோம். இறக்கிய நிமிஷத்திலிருந்து ஒரே கவலை, ரிட்டன் லோடு. புக்கிங் ஆபீஸில் போய் உட்காரணும். ஆரஞ்சு கிடைத்தால் ஆரஞ்சு, பருப்பு என்றால் பருப்பு. கிடைக்காமல் நாலு நாள் வண்டி நிற்கும் பாருங்கள், அப்போது டிரைவருக்கு வரும் மனசு நீங்கள் எழுதினீர்களே அதேதான். சாப்பாடு இறங்கும், தூக்கம் வராது, கிளீனர் பையன் வாயைத் திறந்தாலே கோபம் வரும். ஊருக்குக் காலி வண்டியாக வருவது இன்னும் மோசம். வண்டி குதிக்கும், ரோடு ஒழுங்காகப் பிடிக்காது.

நீங்கள் காலி வண்டியாக வந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. வைத்தியமெல்லாம் எனக்குத் தெரியாது.

#5 டீக்கடைபெஞ்சு

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கசப்பாகப் பேசினால் மன்னியுங்கள். என் அப்பா பால்காரர். முன்னாலும் பின்னாலும் கேன் கட்டிய சைக்கிளில், நான் பிறப்பதற்கு முன்பிருந்து முட்டி தேயும்வரை மிதித்தார். மொத்தம் கூட்டினால் காஷ்மீருக்குப் போய்ப் பலமுறை திரும்பி வந்திருப்பார். "முடிந்தபின் வெறுமையாக இருக்கிறது" என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. முடிந்த அன்றைக்கு, "அப்பாடா" என்றார். விற்ற சைக்கிளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு மாசத்துக்கு மேல் லீவு கிடைக்கிற வேலை, திரும்பி வந்ததும் காத்திருக்கிற நாற்காலி, மீன் குழம்பு வைக்கிற அம்மா. இத்தனையும் இருக்கிறவருக்கு வருகிற வருத்தத்துக்கு ஒரு இழை தேவையா?

#6 பெடல்பாண்டி

பெஞ்சு அண்ணே, தேவையில்லை என்றால் நாமெல்லாம் வேறு எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறோம்? பத்தில் ஒன்பது இழை, எந்த டயர் நல்லது என்பதுதான்.

#7 வைகைக்கரையான்

பெஞ்சு அண்ணன் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். லீவு கிடைத்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் உங்கள் அப்பாவின் "அப்பாடா"வும் ஒரு முடிவைப் பற்றிய பேச்சுதானே. அவருக்கு அது நிம்மதியாக வந்தது, ஏனென்றால் சைக்கிள் அவரை ஓட்டியது. எனக்கு நேர்மாறு. நடுவில் பல நாள் நானும் அப்பாடா என்று முடிக்கத்தான் விரும்பினேன். ராம்பன் பக்கம் மண் சரிந்து சாலை அடைபட்டு லாரிகளோடு நின்றபோது விரும்பினேன். ஹரியானாவில் அறுவடைத் தாள் எரிக்கும் புகையில் கண் எரிய ஓட்டியபோது தினமும் விரும்பினேன்.

நான் யோசித்துப் பார்த்த வரையில், சாலையில் இருக்கும்போது ஒரு நாளைக்கு மூன்றே கேள்விதான். எங்கே தண்ணீர், எங்கே சாப்பாடு, எங்கே படுக்கை. பஞ்சாபில் குருத்வாரா இருந்தது, மூன்றுக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைத்தது. அங்கே எல்லோருக்கும் சாப்பாடு போடும் லங்கரில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் பெயரைக் கேட்பதற்கு முன்னாலேயே ரொட்டியை வைத்தார். மத்தியப் பிரதேசத்தில் தாபாக் கயிற்றுக் கட்டில். தெலங்கானாவில் பெட்ரோல் பங்கின் பின்பக்கம். சாயங்காலம் ஆனால் மூன்று கேள்விக்கும் விடை கிடைத்திருக்கும், நாள் நிறைந்திருக்கும். ஆபீசில் ஒரு நாளுக்கு முப்பது கேள்வி வருகிறது, சாயங்காலம் ஒன்றுக்குக்கூட முழு விடை இருப்பதில்லை. எரிச்சல் அதில்தான் வருகிறது என்று நினைக்கிறேன். சாலையை நான் அவ்வளவாகத் தேடவில்லை.

ஆறுசக்கரம் அண்ணே, பென்ச் காட்டில் டீ வாங்கிக் கொடுத்தது எனக்கில்லை. எனக்கு வாங்கிக் கொடுத்தவர் ராஜஸ்தான்காரர். ஆனால் "காலி வண்டி" என்று நீங்கள் சொன்னதை ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

#8 முட்டிவைத்தியம்

பிசியோதெரபிஸ்ட் என்கிற முறையில் உடம்பை மட்டும் பேசுகிறேன், மனசை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

விரல் மரத்துப்போவது: முழங்கையிலிருந்து வரும் அல்நார் நரம்பு மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக ஒரு குறுகிய வழியில் நுழைகிறது. ஹேண்டில்பாரில் உள்ளங்கையின் அந்த ஓரத்தை நாள் முழுக்க அழுத்தினால் நரம்பு நசுங்கும். நெடுந்தூர சைக்கிள்காரர்களுக்குச் சகஜம். பெரும்பாலும் வாரக்கணக்கில் தானாகச் சரியாகும், சிலருக்கு மாதங்கள் ஆகும். மரத்துப்போனது மட்டும் என்றால் பொறுக்கலாம். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, பூட்டில் சாவி திருப்ப வலு இல்லை, விரலை விரித்துச் சேர்க்க வரவில்லை என்றால் உடனே டாக்டரைப் பாருங்கள். அதுவரை சைக்கிள் வேண்டாம், பைக்கும் வேண்டாம்.

பசி: மலைபோலச் சாப்பிட்டுப் பழகிய வயிறு உடனே அடங்காது. பயணத்தில் வழக்கத்துக்கு மேல் தினமும் இரண்டாயிரம், மூவாயிரம் கலோரி எரித்திருப்பீர்கள். அந்த எரிப்பு ஒரே நாளில் நின்றுவிட்டது, பசி நிற்க இன்னும் சில வாரம் ஆகும். பாண்டி சொன்ன மருந்தை நான் எழுதித் தர மாட்டேன்.

மனநிலை பற்றி ஒரு வரி, அதுவும் உடம்பு சம்பந்தப்பட்டது என்பதால். தினமும் ஆறேழு மணி நேரம் உழைத்த உடம்பை ஒரே நாளில் நாற்காலியில் உட்கார வைத்தால் தூக்கமும் மனமும் கலங்குவது இயல்பு. படிப்படியாகக் குறைத்திருக்க வேண்டும். இப்போதும் கெட்டுப்போகவில்லை. அந்த நாலரை மணி விழிப்பை வீணாக்காமல் ஒரு மணி நேரம் நடங்கள். மூன்று நான்கு வாரம் கழித்தும் எதிலும் ஈடுபாடு வரவில்லை, தூக்கம் திரும்பவில்லை என்றால் அதை சைக்கிள் கணக்கில் எழுதாமல் ஒரு மனநல மருத்துவரிடம் பேசுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

#9 கருப்புஹெர்குலிஸ்

தம்பி, எண்பதுகளில் நாங்கள் நண்பர்கள் சேர்ந்து திருச்சியிலிருந்து டெல்லிக்குப் போனோம். கியர் கிடையாது, டைனமோ விளக்கு, கேரியரில் ஜமக்காளம். போகிற ஊரிலெல்லாம் தாசில்தார் அலுவலகத்திலோ போலீஸ் ஸ்டேஷனிலோ நோட்டில் கையெழுத்தும் சீலும் வாங்குவோம். அந்த நோட்டைக் காட்டினால்தான் ஊரில் நம்புவார்கள். முடிவு என்றால் டெல்லி ஸ்டேஷனில் ஜெனரல் பெட்டியில் ஏறினதுதான். சைக்கிள்களைப் பார்சலில் போட்டோம். மிதித்து வந்த ஊர்களை ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். குவாலியரில் எங்களைத் தங்க வைத்தவர் வீட்டுப் பக்கம் ரயில் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. அது கொஞ்சம் வலித்தது. இப்போதும் குமரியிலிருந்து ஜம்முப் பக்கம் கட்ராவுக்கு ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை போகிறது. நீங்கள் மிதித்த தூரத்தை ஏறக்குறைய மூன்று நாளில் முடித்துவிடும். திரும்பிப் பார்க்க ஆசை வந்தால் அதில் ஏறுங்கள், செலவு அதிகமில்லை.

முடித்த பின் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதவில்லை என்கிறீர்கள். பெரிய ஆட்களின் கதையில் கொஞ்சம் கிடைக்கும். தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் கிளம்பினார், முன்சக்கரம் ஆள் மார்பு உயரம் இருக்குமே அந்த வண்டியில். ஆப்கானிஸ்தானில் வழி மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். சுற்றிக்கொண்டு இந்தியாவுக்கு வந்து லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் சாலையில் ஓட்டினார். 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் முடித்தார். சைக்கிளில் உலகத்தைச் சுற்றிய முதல் மனிதர் என்று பெயர். அப்புறம்? ஒரு நியூயார்க் பத்திரிகை அவரைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு ஆய்வுப்பயணி ஸ்டான்லியைத் தேட அனுப்பியது, போனார். பின்னாளில் லண்டனில் கேரிக் நாடக அரங்கில் மேலாளராக உட்கார்ந்து டிக்கெட் வரவைப் பார்த்துக்கொண்டார். எனக்கு இந்தக் கடைசிச் செய்திதான் பிடிக்கும்.

நம் ஆட்களும் உண்டு. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் கிளம்பினார்கள். 1928 மார்ச்சில் வட்டத்தை முடித்துப் பம்பாய் திரும்பியவர்கள் மூவர்: அடி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்கரா. ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர். மற்ற மூவருக்கு வெவ்வேறு இடத்தில் முடிந்தது. பாதியில் விட்டவர்கள் என்று அவர்களைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அவரவர் பயணம் அவரவர் இடத்தில் முடிகிறது, அதற்கென்ன.

நேர்மாறான ஆள் ஜெர்மன்காரர் ஹைன்ஸ் ஸ்டூக்கெ. 1962இல் வீட்டை விட்டு சைக்கிளில் கிளம்பியவர், ஐம்பது வருஷத்துக்கு மேல் முடிக்கவே இல்லை. ஊருக்கு வந்து நிலையாகத் தங்கியபோது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முடிவைத் தள்ளிப்போட அதுவும் ஒரு வழி. எனக்கு அது வேண்டாம்.

அயர்லாந்திலிருந்து 1963இல் தனியாக மிதித்து டெல்லி வந்த டெர்வ்லா மர்ஃபி என்ன செய்தார் தெரியுமா? ஊருக்கு ஓடவில்லை. தர்மசாலாவுக்குப் போய்த் திபெத்திய அகதிக் குழந்தைகள் முகாமில் மாதக்கணக்கில் வேலை பார்த்தார். சொறி சிரங்கும் வயிற்றுப்போக்குமாக இருந்த குழந்தைகளுக்கு மத்தியில் உட்கார்ந்தவருக்கு, "முடிந்துவிட்டதே" என்று யோசிக்க எங்கே நேரம் இருந்திருக்கும்? நாமக்கல்காரர் சொன்ன ரிட்டன் லோடு அதுதான் என்று படுகிறது.

#10 பனைவடலி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட தீவு சின்னது, உங்கள் கணக்குக்கு இது பயணமே இல்லை. ஆனாலும் சொல்கிறேன். பருத்தித்துறை வெளிச்சவீட்டில் தொடங்கித் தெற்கே தெய்வேந்திரமுனை வெளிச்சவீடு வரைக்கும் ஓடினேன். வடக்கு நுனியிலும் ஒரு வெளிச்சவீடு, தெற்கு நுனியிலும் ஒன்று. ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா என்று ஏ9 வீதியால் போய், தம்புள்ளையில் இருந்து குருநாகல் பக்கம் திரும்பிக் கொழும்பு, பிறகு கரையோரமாக காலி, மாத்தறை.

அந்த ஏ9 போர்க்காலத்தில் அடைபட்டுக் கிடந்தது. 2002இல் திறந்து, 2006இல் மூடி, 2009க்குப் பிறகுதான் நிலையாகத் திறந்தது. அப்பா இளம் வயதில் மாத்தறையில் வேலை செய்தவர். பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. நான் வெளிச்சவீட்டடியில் நின்று போன் எடுத்து, "வந்திட்டன் அப்பா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்க தேத்தண்ணி இப்ப என்ன விலை?" என்று கேட்டார். பிறகு பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பேக்கரி இருந்தது, இருக்கிறதா பார் என்றார். அதைத் தேடிக்கொண்டு மாத்தறைக்குத் திரும்ப ஓடினேன். கிடைக்கவில்லை. அண்ணா, என் பயணம் முடிந்தது அந்தத் தேடலில்தான். கடைசி நாளில் யாராவது ஒரு வேலை சொல்லி விட்டால் நல்லது என்று நினைக்கிறேன்.

#11 டீக்கடைபெஞ்சு

பனைவடலி எழுதியது நன்றாக இருந்தது. நான் போட்டதை எடுக்கப் போவதில்லை, ஆனால் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள்.

#12 தேன்கனி

ஹெர்குலிஸ் ஐயா, மர்ஃபி உதாரணம் அருமை. ஆனால் எல்லோரும் தர்மசாலா போக முடியாது. வைகைக்கரையானுக்குத் திங்கட்கிழமை ஆபீஸ். நான் திரும்பவும் என் கேள்விக்கு வருகிறேன். மதுரையில் வீட்டுக்குப் போனதால்தானே குமரி சப்பென்று ஆனது? ஒரு கோட்டை நடுவில் வெட்டிவிட்டீர்கள்.

#13 வைகைக்கரையான்

இல்லை தேன்கனி. இதை எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் நானே இந்த இழையில் எழுதும்போதுதான் இது புரிகிறது. மதுரைக்குத் தெற்கே ஓட்டினதுதான் எனக்கு இப்போது மிகத் தெளிவாக நினைவிருக்கிறது. பத்னிடாப் ஏற்றமோ சம்பல் பாலமோ அல்ல.

வீட்டுக்கு வந்தபோதே மற்றவர்களுக்கு என் பயணம் முடிந்துவிட்டது. தெருவில் ஆரத்தி எடுத்தாகிவிட்டது, ஆபீஸ் குழுவில் மாலை போட்ட படம் போயாகிவிட்டது. அப்பா பஸ்ஸில் போகச் சொன்னது அதனால்தான். மறுநாள் கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டும்போது, இனி யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்றிருந்தது. தினமும் போனில் கிலோமீட்டர் போடுவதைக்கூட நிறுத்திவிட்டேன். சாத்தூரில் மழை. ஒரு சேவுக் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். கடைக்காரர் சூடான காராச்சேவைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். மதுரை என்றேன். காஷ்மீர் என்று சொல்ல வாய் வரவில்லை. "இந்த மழையில மதுரைலேர்ந்து சைக்கிள்லயா?" என்று அவர் வியந்தாரே, வடக்கே யாரும் அப்படி வியக்கவில்லை.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கி சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கயத்தாற்றில் கட்டபொம்மன் மண்டபத்தில் உட்கார்ந்தேன், 1799இல் தூக்கிலிட்ட ஊர். சின்ன வயதில் ஸ்கூல் டூரில் வந்த இடம், அப்போது பஸ்ஸிலிருந்து இறங்கி ஐந்து நிமிஷம் நின்றதோடு சரி. இந்தத் தடவை நேரம் போனதே தெரியவில்லை. நெல்லையில் தாமிரபரணியில் குளித்தேன். காவல்கிணறு தாண்டினால் இருபக்கமும் காற்றாலை. ஆடி மாதமாக இருந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அறைந்து தள்ளியிருக்கும். நான் போன சமயம் இறக்கைகள் பாதி நின்றுகிடந்தன. மிதிப்பதே தெரியாமல் போனேன்.

குமரி சப்பென்று இருந்தது உண்மை. ஆனால் அதற்கு மதுரை காரணம் இல்லை. சும்மா ஓட்டிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று மறுபடி "காஷ்மீர் முதல் குமரி வரை" ஆளாக மாறிப் படம் எடுக்க வேண்டியிருந்தது. அது ஒட்டவில்லை. சங்கு மாலைக்காரர் ஓரமாகப் போகச் சொன்னது சரிதான்.

#14 ஆறுசக்கரம்

சாத்தூரில் எந்தக் கடை தம்பி? பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வரிசையா? அங்கே நானும் வாங்குவேன்.

#15 கிரீஸ்கை

உணர்ச்சியெல்லாம் பேசி முடிச்சாச்சா? வண்டியைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லையே. சைக்கிளை இன்னும் கழுவாமல் பால்கனியில் நிறுத்தியிருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன்.

செயினை அளந்து பாருங்கள். கண்ணிகளைக் கோக்கும் ஒரு முள்ளின் (பின்) நடுவிலிருந்து ஸ்கேலை வையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலத்தில் சரியாக இன்னொரு முள் வரும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பின்னால் உள்ள பல்சக்கரமும் போயிருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதுச் செயின் பல்லில் ஏறி வழுக்கும். பின் டயர்தான் முதலில் தேயும், பாரம் அங்கேதானே. அதற்காக முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டுத் தேய்ந்ததை முன்னால் ஓட்டாதீர்கள். முன் டயர் வெடித்தால் பிடிக்க முடியாது.

கழுவுகிறபோது எல்லாவற்றையும் கழற்றுங்கள். பெடல், சீட் போஸ்ட், வீல் பேரிங் வரைக்கும். ராம்பன் மண், ஹரியானா சாம்பல், சாத்தூர் சேறு எல்லாம் வெளியே வரும். நாலரை மணிக்கு எழுந்து என்ன செய்வது என்று கேட்டீர்களே, இரண்டு வாரத்துக்கு வேலை இருக்கிறது.

#16 வைகைக்கரையான்

பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். பால்கனியில்தான் நிற்கிறது. செயின் எட்டில் ஒரு பங்கையே தாண்டிவிட்டது.

ஆறுசக்கரம் அண்ணே, எதிர் வரிசைதான். பச்சைத் தகரப் பந்தல் போட்டது.

#17 ஹம்பிவரை

இந்தத் தளத்துக்குப் புதிது. கல்லூரி கடைசி வருஷம், சேலம். பொங்கல் லீவில் ஹம்பி போகத் திட்டம், சொந்தமாக ஹைப்ரிட் சைக்கிள் இருக்கிறது. கேரியரில் இருபக்கமும் தொங்கவிடும் பன்னியர் பை வாங்கப் பணம் போதவில்லை. வாடகைக்கு யாராவது தருவீர்களா? இந்த இழையில் கேட்பது தப்பு என்றால் மட்டுறுத்துநர் வேறிடத்துக்கு மாற்றிவிடவும்.

#18 வைகைக்கரையான்

மாற்ற வேண்டாம். தம்பி, என்னுடைய பின்பைகள் இரண்டும் சும்மா கிடக்கின்றன. வாடகை வேண்டாம். வலது பையின் அடியில் ஒரு கிழிசல், நாக்பூரில் செருப்புத் தைப்பவர் தைத்துக் கொடுத்தது, தாங்கும். மழை உறை ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று சாத்தூரிலேயே போய்விட்டது. அதனால் உள்ளே துணியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வை. ஹைப்ரிடில் பின்னால் கேரியர் மாட்ட அச்சுக்குப் பக்கத்தில் துளை இருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சொல். இருந்தால் 5 மில்லி போல்ட் போதும். சாதா நட்டு வேண்டாம், நைலான் வைத்த நட்டு போடு. ரோடு அதிரும்போது சாதா நட்டு கழன்றுகொள்ளும், தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பு. பை எப்படி அனுப்புவது என்று தனிச் செய்தியில் பேசுவோம்.

#19 ஆறுசக்கரம்

பார்சல் செலவு எதற்கு? மதுரையில் கொண்டுவந்து கொடுங்கள், வருகிற வாரம் விருதுநகரில் லோடு இறக்கிவிட்டு அந்தப் பக்கமாகத்தான் நாமக்கல் போகிறேன். சேலத்துப் பையன் நாமக்கல்லில் வந்து வாங்கிக்கொள்ளட்டும்.